செக்கு எண்ணெய்க்கு மாறினோம், மாமாவுக்குக் கொழுப்பு ஏன் ஏறியது?

14 ஜூலை 2024, ஒருவர் கேட்டது

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ரீஃபைண்டு எண்ணெயை நிறுத்திவிட்டு மரச்செக்கு எண்ணெய்க்கு மாறினால் மூன்றே மாதத்தில் கொலஸ்ட்ரால் இறங்கிவிடும், மாத்திரையே தேவைப்படாது என்கிறார்கள். என் அப்பாவுக்குப் போன மாதம்தான் ஸ்டென்ட் வைத்தோம். மாறியவர்கள் யாராவது அனுபவத்தைச் சொல்லுங்கள்."

14 ஜூலை 2024, இரவு 10:40

முதலில் ஒன்று. அப்பாவின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் நாலு பேர். நான், வீட்டுக்காரர், மாமா, அத்தை. மாமாவுக்கு 2021-ல் ஸ்டென்ட் வைத்தது. 2023 பொங்கலோடு ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயை நிறுத்திவிட்டு முழுக்கச் செக்கு எண்ணெய்க்கு மாறினோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், மூன்றும் திருப்பூரிலேயே ஆட்டி வாங்குவது. எட்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் மாமாவின் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) 84-லிருந்து 112-க்குப் போயிருந்தது. மாத்திரை அதே மாத்திரை. ஒருநாள்கூட விட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு "செக்கு எண்ணெய் கெட்டது" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் செக்கு எண்ணெய்தான். நடந்ததை நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

15 ஜூலை 2024

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாசத்துக்கு எத்தன லிட்டர் வாங்கறீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரசீதுகளை எடுத்துக் கூட்டினேன். ரீஃபைண்டு வாங்கிய காலத்தில் மாதம் 4 லிட்டர். செக்குக்கு மாறிய பிறகு கடலை எண்ணெய் மூன்றரை, நல்லெண்ணெய் ஒன்றரை, தேங்காய் எண்ணெய் ஒன்றரை. மொத்தம் ஆறரை லிட்டர்.

எப்படி ஏறியது என்று யோசித்தால் எல்லாம் கண்முன்னே நடந்ததுதான். முன்பு அத்தை தோசைக்கல்லில் வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார். மாறிய பிறகு கரண்டியால் சுற்றி விடுவார். "செக்கெண்ணெ தானே கண்ணு, ஒடம்புக்கு நல்லது" என்பார். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் குளம்போல நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வடை, பஜ்ஜிக்கு முன்பு இருந்த பயம் போய்விட்டது. மாமாவோ யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தார். அது எனக்கு மூன்று மாதம் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம். ஆறரை லிட்டரை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராம் என்று இருக்கிறது. நாங்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான்.

15 ஜூலை 2024, கொஞ்சம் கழித்து

நெய்யை விட்டுவிட்டேன். அந்த 27 கிராமில் நெய், வெண்ணெய் எல்லாம் அடக்கம். எங்கள் வீட்டில் மாதம் அரைக் கிலோ நெய். ஆக ஆளுக்கு இன்னும் 4 கிராம் கூடுகிறது.

18 ஜூலை 2024

"அப்படியானால் செக்கு எண்ணெயில் ஒன்றுமே இல்லையா, எல்லாம் ஏமாற்றா?" என்று ஒரு தம்பி கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை தம்பி, இருக்கிறது.

ரீஃபைண்டு எண்ணெய் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் செக்கின் அருமை தெரியும். பெரிய ஆலைகளில் பெரும்பாலும் வித்தை முதலில் அழுத்திப் பிழிந்துவிட்டு, மிச்சத்தை ஹெக்சேன் என்ற கரைப்பானால் கழுவி எடுப்பார்கள். அப்புறம் பிசினை நீக்குவது, காஸ்டிக் சோடாவால் புளிப்பை எடுப்பது, ஒருவகை மண்ணில் கலந்து நிறத்தை எடுப்பது. கடைசியில் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாசனையை எடுப்பது. இத்தனையும் தாண்டி வரும்போது எண்ணெயோடு இயற்கையாக இருந்த வைட்டமின் ஈ, ஸ்டெரால் போன்றவற்றில் ஒரு பகுதி போய்விடுகிறது. வாசனை முழுக்கவே போய்விடுகிறது.

செக்கில் அதெல்லாம் அப்படியே நிற்கிறது. நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் என்று எள்ளுக்கே உரிய பொருட்கள் உண்டு. நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அடம்பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் எண்ணெயில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்பதைச் செக்கு மாற்றுவதில்லை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. வாகை மர உரலில் ஆட்டினாலும் அது 90 சதவீதம்தான். 2020-ல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ சராசரியாக 10 புள்ளிக்கு மேல் ஏற்றுகிறது என்பது அதன் முடிவு. மாமா காலையில் குடித்த இரண்டு ஸ்பூனை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், "எங்கள் செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை" என்று பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது இருக்காது.

19 ஜூலை 2024

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த எட்டு மாதத்தில் மாமா முட்டிவலி வந்து காலை நடையை நிறுத்தியிருந்தார். கொழுப்பு ஏறியதற்கு எண்ணெயை மட்டும் பழி சொல்ல முடியாது. நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் எண்ணெயால் என்ற மாதிரி இருக்கிறது. அது சரியில்லை.

இன்னொருவர் சொன்னதும் சரி. வாங்கிய எண்ணெய் அத்தனையும் வயிற்றுக்குள் போவதில்லை, வடை சுட்ட சட்டியில் மீதி நிற்கும். உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த மீதி மறுநாள் தாளிப்புக்கு வந்துவிடும். அதையும் இப்போது நிறுத்திவிட்டோம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று கடைகளுக்கு 2018-லிருந்து விதியே இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி ஏது? ஒருதரம் பொரித்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

4 ஆகஸ்ட் 2024

ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தோம், காங்கேயம் பக்கம். இன்று திரும்பும் வழியில் எள் ஆட்டினேன். முதல் முறையாக ஆட்டுவதை முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

செக்குக்கார அண்ணன் எள்ளை உரலில் கொட்டி மோட்டாரைப் போட்டார். உலக்கை சாய்ந்தபடி சுற்றுகிறது, நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று இருக்கும். முதலில் வெறும் சரசரப்புதான். பத்து நிமிடத்தில் எள் மாவாகி ஓரத்தில் அப்பிக்கொள்கிறது. அண்ணன் கம்பியால் அதைக் கிளறி நடுவே தள்ளிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் தட்டிய கருப்பட்டியைப் போட்டார். சத்தமே மாறிவிட்டது, உரலும் உலக்கையும் முனகுகிற மாதிரி ஒரு கிரீச்சல். மாவு உருண்டு கெட்டியாக, அதன் மேல் கறுப்பாக எண்ணெய் கசிந்து நிற்கிறது. முக்கால் மணி நேரத்தில் மூக்கு வழியாக எவர்சில்வர் குண்டாவில் விழ ஆரம்பித்தது.

கருப்பட்டி எதற்கு, இனிப்புக்கா என்று கேட்டேன். "அந்தப் பதம் இல்லீன்னா எண்ணெ புண்ணாக்க வுட்டுப் பிரியாதுங்க" என்றார். கருப்பட்டியின் ஈரமும் பிசுக்கும் மாவைத் திரட்டினால்தான் எண்ணெய் தனியே வழியும்.

சமையலறைத் தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கொட்டும்போது எள் 31 டிகிரி. விழுகிற எண்ணெய் 43 டிகிரி. நாலு பேரிடம் "மரச்செக்கில் சூடே வராது" என்று நானே சொல்லியிருக்கிறேன். வருகிறது, கை பொறுக்கும் சூடு. ரீஃபைண்டு ஆலையின் 200 டிகிரியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் "சூடே வராது" என்று இனி சொல்லமாட்டேன்.

அம்மிச்சியிடம் இதைச் சொன்னால் அவருக்கு மாட்டுச் செக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் சிறுமியாக இருந்தபோது செக்கின் பாரப் பலகையில் ஏறி உட்கார்ந்து சுற்றுவாராம், பாரத்துக்குப் பாரமும் ஆச்சு, பிள்ளைக்கு ஊஞ்சலும் ஆச்சு என்று வாணியர் விட்டுவிடுவாராம். செக்கு நின்ற இடத்தில் இப்போது கொப்பரைக் களம் இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2024

விலை பற்றிக் கேட்டவர்களுக்கு. "செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 190 ரூபாய்" என்று ஒரு போர்டு பார்த்தேன். நான் போன வாரம் நிலக்கடலைப் பருப்பு வாங்கியது கிலோ 125. ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு, ஆக 312 ரூபாய். ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு வரும், கிலோ 45 என்று விற்றால் 67 ரூபாய் கழியும். ஆட்டுக்கூலி கிலோவுக்கு 12 வீதம் 30 ரூபாய். நிகரம் 275. பாட்டில், வாடகை, கரண்டு எதுவும் இதில் இல்லை. 190-க்கு அவர் எதை ஊற்றிக் கொடுக்கிறார்?

12 ஆகஸ்ட் 2024

திருத்தம். இரண்டரைக் கிலோவுக்கு நேற்று "ஒரு கிலோ எண்ணெய்" என்று எழுதினேன், ஒரு லிட்டர் என்றிருக்க வேண்டும். லிட்டர் என்பது 920 கிராம்தான். செக்கில் எண்ணெயை எடைபோட்டுக் கொடுக்கிறார்களா அளந்து கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து லிட்டரில் முக்கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும்.

2 அக்டோபர் 2024

எல்லாரும் படிக்க வேண்டியது இதுதான். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் எங்கள் செக்கு ரிப்பேர். அவசரத்துக்கு வேறொரு இடத்தில் ஆட்டினேன், பெயர் வேண்டாம். பருப்பும் அவர்களிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டேன். உரலுக்கு அருகே வைத்திருந்த மூட்டை திறந்திருந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பாதி உடைசல். சூம்பிய பருப்பு, தோல் கறுத்த பருப்பு. ஒன்றை இரண்டாக உடைத்தால் உள்ளே பருப்பின் இடுக்கில் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம், தொட்டால் விரலில் பவுடர் மாதிரி ஒட்டுகிறது. கேட்டதற்கு, "எண்ணெ ஆட்டறதுக்கு இதேதாங்க எல்லாரும் போடறது, முழுப்பருப்பு போட்டாக் கட்டாது" என்றார்கள். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பூசணம் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது உண்டாக்கும் நஞ்சின் பெயர் அஃப்ளடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் தேடிப் போனபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். உலகத்துக்கு அஃப்ளடாக்சின் தெரியவந்ததே கடலைப் புண்ணாக்கு வழியாகத்தான். இது ஈரலைத் தாக்கும், ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். சமையல் சூட்டில் அழியாது. நாக்குக்கும் தெரியாது.

இப்போது எனக்குப் பிடிக்காத ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரீஃபைண்டு செய்யும்போது அந்தக் காஸ்டிக் சோடாவும் நிறமெடுக்கும் மண்ணும் இந்த நஞ்சையும் சேர்த்து எடுத்துவிடுகின்றன. செக்கில் அந்த வடிகட்டல் கிடையாது. வாசனையும் வைட்டமினும் எந்த வழியாகத் தங்குகின்றனவோ அதே வழியாக நஞ்சும் தங்கும். பெரும்பங்கு புண்ணாக்கில்தான் நிற்கும், ஆனாலும் எண்ணெயிலும் கொஞ்சம் வரும்.

ஆக, நல்ல பருப்பை ஆட்டினால் செக்கு எண்ணெய்க்கு ஈடில்லை. கெட்ட பருப்பை ஆட்டினால் அதே எண்ணெய் ரீஃபைண்டைவிட மோசம். உரல் வாகையா புளியா, மாடு இழுக்கிறதா மோட்டார் இழுக்கிறதா என்று நாம் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் இரண்டாவது கேள்வி. வித்து எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

3 அக்டோபர் 2024

"பரம்பரை பரம்பரையாகச் சாப்பிட்டோமே, என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கிறார்கள். எங்கள் அம்மிச்சி வீட்டில் கடலையைப் பிடுங்கிக் காயவைத்து, தோலோடு குதிரில் கொட்டி, ஆட்டுவதற்கு முந்தின நாள்தான் உடைப்பார்கள். திண்ணையில் நாலைந்து பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து சொத்தை பொறுக்குவார்கள். அந்த வேலையை யாரும் ஆரோக்கியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இன்று செக்கை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தோம், முறத்தை விட்டுவிட்டோம்.

1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெய் சாப்பிட்டு உடம்பு வீங்கி அறுபது பேருக்கும் மேல் இறந்தார்கள். எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊர் தரிசில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்குமே, அதே செடி. விதை பார்ப்பதற்குக் கடுகு மாதிரியே இருக்கும். அங்கேயும் வினை வந்தது வித்தில்தான்.

6 அக்டோபர் 2024

கொப்பரை பற்றி. கந்தகப் புகை போட்ட கொப்பரை வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும், பூசணமும் பிடிக்காது. மூக்கருகே கொண்டுபோனால் தீக்குச்சி உரசின வாடை லேசாகத் தெரியும். நான் வெயிலில் மட்டும் காய்ந்ததைத்தான் கேட்டு வாங்குகிறேன், சற்றுப் பழுப்பாக இருந்தாலும். இரண்டாக ஒடித்தால் ரப்பர் மாதிரி வளையக் கூடாது, படக்கென்று முறிய வேண்டும்.

20 அக்டோபர் 2024

எண்ணெயை மொட்டைமாடியில் வெயிலில் வைப்பது பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஆட்டிய எண்ணெயை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வேட்டித்துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் தங்கித் தெளிந்துவிடும். மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் 1970-களிலேயே பார்த்திருக்கிறார்கள், கடலை எண்ணெயில் இருக்கும் அஃப்ளடாக்சின் வெயில் பட்டால் சிதைகிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் வெளிச்சமும் காற்றும் எண்ணெயைச் சிக்கு வாடைக்கும் இழுத்துப் போகும். ஒரு வாரம் வெயிலில் விட்ட அத்தையின் கடலை எண்ணெய் ஒன்றரை மாதத்தில் பழைய மிக்சர் வாடை அடித்தது. இப்போது இரண்டு வெயில் மட்டும், மேலே தெளிந்ததை வடித்துத் தூக்குப்போசியில் ஊற்றி இருட்டு அலமாரியில். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வரிசையாக வைப்பது பார்க்க அழகுதான், எண்ணெய்க்கு ஆகாது. வெயில் வைத்துவிடலாம் என்று நம்பிப் பூசணப் பருப்பை ஆட்டிவிடவும் வேண்டாம்.

9 மார்ச் 2025

கேட்டவர்களுக்கு மாமாவின் நிலவரம். பிப்ரவரியில் எல்.டி.எல். 79. அதே மாத்திரை, அதே டோஸ். காலை நடை மறுபடி ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. வெறும் வயிற்றுத் தேங்காய் எண்ணெய் போன வருடமே நின்றது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இன்னும் குறைய வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். ஒன்றாம் தேதி மூன்று தூக்குப்போசியில் நிரப்புவது. கடலை இரண்டு, நல்லெண்ணெய் ஒன்று, தேங்காய் அரை லிட்டர், அதுவும் அவியலுக்கும் கடைசித் தாளிப்புக்கும் மட்டும். காலியானால் அடுத்த ஒன்றாம் தேதிதான். முதல் இரண்டு மாதம் இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டது. அத்தை மறுபடி வெங்காயத்தைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். செலவும் பழைய ரீஃபைண்டு பில்லைவிட முந்நூறு ரூபாய்க்குள்தான் கூட.

வாசனையுள்ள எண்ணெய் கொஞ்சம் விட்டாலே போதும் என்பதை நான் இவ்வளவு நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். பருப்பு ரசத்துக்கு அரை ஸ்பூன் நல்லெண்ணெயில் தாளித்தால் கூடம் வரை மணக்கிறது. ரீஃபைண்டில் இரண்டு ஸ்பூன் விட்டாலும் அது வராது. எனக்குத் தெரிந்து செக்கு எண்ணெய் எங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய நன்மை இதுதான்.

23 மார்ச் 2025

மார்கழிப்பட்டத்துக் கடலை வர ஆரம்பித்துவிட்டது. நேற்று 10 கிலோ பருப்பை முறத்தில் போட்டு நானும் அத்தையும் பொறுக்கினோம், மூன்று மணி நேரம். சொத்தை, சூம்பல், நிறம் மாறியது எல்லாம் சேர்த்து 640 கிராம். பக்கத்து வீட்டு அக்கா மாட்டுக்குப் போடுகிறேன் என்று கேட்டார். கொடுக்கவில்லை. மாடு தின்றால் அந்த நஞ்சு பாலில் வரும். மாமா தென்னைக்குத் தள்ளி ஒரு முழம் குழி வெட்டி அதைப் புதைத்தார்.

மீதி 9 கிலோ 360 கிராம். ஆட்டியதில் மூன்றே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைய வந்தது. மாடியில் முதல் வெயிலில் இருக்கிறது.